பத்தாம் வகுப்பில் தேறிய இருளர் மாணவிக்கு அடுத்த வழி என்ன? பழங்குடி மாணவர்களுக்கான அரசுத் திட்டங்கள் குறித்து விளக்கம் வேண்டும்

மாலைவகுப்பு (செஞ்சி வட்டம்), 8 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். 2021 அக்டோபர் இறுதியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் பகுதியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது தன்னார்வலராகச் சேர்ந்த நான், எங்கள் ஊர் ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் இருளர் குடியிருப்பின் பிள்ளைகளுக்கு இன்றுவரை மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். பதினேழு வீடுகள் உள்ள அந்தக் குடியிருப்பில் இந்த ஆண்டுதான் முதல்முறையாக ஒரு பெண் பத்தாம் வகுப்பில் தேறியிருக்கிறாள். 500-க்கு 389 மதிப்பெண். பொங்கல் கழிந்ததும் தாயும் தந்தையும் செங்கல் சூளைக்குப் போய்விட, பாட்டியோடு தங்கி, விறகு பொறுக்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய் அவள் வாங்கிய மதிப்பெண் இது. கூரை ஒழுகும் என்பதால் மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு என் வீட்டில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். வாரம் ஒருமுறை வந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

அவளை மேலே படிக்க வைக்க வேண்டும். பழங்குடி மாணவர்களுக்கு எத்தனையோ திட்டங்கள் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஆனால், எதற்கு எங்கே போவது, எதை முதலில் செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. பெரிய சிக்கல், அந்தக் குடும்பத்தில் ஒருவரிடமும் சாதிச் சான்றிதழ் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் 'இருளர்' என்று எழுதியிருக்கிறார்கள். அது வாய்மொழியாகச் சொன்னதை எழுதிக்கொண்டதே தவிர, சான்று எதுவும் காட்டப்படவில்லை. சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நானும் அவள் தந்தையும் போன ஆண்டு மூன்று முறை சென்றோம். மூன்றாவது முறை அங்கிருந்த ஒருவர், "நீங்கள் இருளர் என்றால் பாம்பு பிடிப்பீர்களா?" என்று அவரிடம் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். அதன்பிறகு அந்தப் பக்கம் வர மறுக்கிறார்.

அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், 13 வயது. ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவன் சனவரியில் பெற்றோரோடு சூளைக்குப் போனான், இன்னும் திரும்பவில்லை. அவனுக்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வூதியர், வேலூர், 9 ஜூன் 2025

அம்மா, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலாவது, சான்றிதழுக்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்த வாரமே பதினோராம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். சான்றிதழ் பின்னால் வரட்டும். சான்றிதழுக்குக் காத்திருந்து ஓராண்டு வீணாகி, அந்த ஓராண்டில் திருமணம் முடிந்துபோன பெண்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, யாராவது நல்ல மனத்தோடு வந்து "தனியார் பள்ளியில் கட்டணமில்லாமல் இடம் வாங்கித் தருகிறேன்" என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் மருத்துவப் படிப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இரண்டு ஆண்டு தனியார் பள்ளிக்குப் போய்விட்டால் இந்தத் தகுதி முழுவதும் போய்விடும். போனதைப் பிறகு எந்த மனுவாலும் மீட்க முடியாது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்காகவே வந்தது. பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு, தொழிற்பயிற்சி எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவர்கள் கணக்கில் வரும். மாணவர்களுக்கு இதேபோல் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இவை இரண்டுக்கும் சாதிச் சான்றிதழ் தேவையில்லை என்பதை மனத்தில் வையுங்கள்.

சான்றிதழ் வேண்டியிருப்பது கல்வி உதவித்தொகைக்கு. பதினோராம் வகுப்பு முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை பழங்குடி மாணவர்களுக்கு 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். செலவில் முக்கால் பங்கை ஒன்றிய அரசும் கால் பங்கை மாநில அரசும் ஏற்கின்றன. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 'ப்ரீ மெட்ரிக்' என்று தனியாக இருக்கிறது. உங்கள் மாணவிக்கு அது கிடைக்காமலேயே போய்விட்டது என்று நினைக்கிறேன். தம்பி திரும்பி வந்து ஒன்பதாம் வகுப்பை எட்டும்போதாவது விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, பணம் ஒப்பளிக்கப்பட்டும் மாணவர் கையில் சேராமல் நின்றுபோவதற்கு மிகப் பெரிய காரணம் வங்கிக் கணக்குத்தான். கணக்கு மாணவியின் பெயரில் இருக்க வேண்டும், அதில் ஆதார் இணைக்கப்பட்டிருக்க வேண்டும், பள்ளியின் எமிஸ் பதிவு (மாணவர் விவரங்களுக்கான இணையப் பதிவு), ஆதார், கணக்குப் புத்தகம் மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். அஞ்சலகத்தின் பேமென்ட்ஸ் வங்கியில் இருப்புத்தொகை இல்லாமலே கணக்கு தொடங்கலாம். அஞ்சல்காரரே குடியிருப்புக்கு வந்து விரல் ரேகை வைத்துத் தொடங்கித் தருவார்.

பள்ளிப்படிப்புக்குப் பிறகு உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். போன்ற முன்னணி நிறுவனங்களில் இடம் பெறும் பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1,000 பேருக்கும், முனைவர் பட்ட ஆய்வுக்கு 750 பேருக்கும், வெளிநாட்டில் படிக்க 20 பேருக்கும் ஒன்றிய அரசின் பழங்குடியினர் நல அமைச்சகம் உதவித்தொகை தருகிறது. இவை நாடு முழுவதற்குமான எண்ணிக்கை. இருளர், பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், தோடர், கோத்தர் ஆகிய ஆறு சமூகங்களும் தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ள பழங்குடிகள் என்று ஒன்றிய அரசால் வகைப்படுத்தப்பட்டவை. வெளிநாட்டு உதவித்தொகையின் இருபது இடங்களில் இந்த வகையினருக்கென்றே தனியாகச் சில இடங்கள் இருக்கின்றன.

கூடல்நகர் வாசகர், 9 ஜூன் 2025

நான் காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இன்று ஒன்றிய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். ஓய்வூதியர் ஐயா சொன்னவை எல்லாம் சரி. ஆனால் சான்றிதழைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கான சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே கிடைக்கும். பழங்குடியினர் சான்றிதழை மட்டும் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர முடியும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்ததும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொருவராக அறிக்கை எழுதி மேலே அனுப்ப வேண்டும். போலிச் சான்றிதழ் கொடுத்துப் பழங்குடியினர் இடங்களைப் பிறர் எடுத்துக்கொண்டதால்தான் இவ்வளவு கெடுபிடி வந்தது. 1994-ல் உச்ச நீதிமன்றம் மாதுரி பாட்டீல் வழக்கில் தீர்ப்பளித்தபோது சான்றிதழ்களை ஆராய ஒவ்வொரு மாநிலத்திலும் குழு அமைக்கச் சொன்னதும் அதற்காகத்தான். அந்தக் கட்டுப்பாடு தேவையானது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் போலிகளைத் தடுக்கப் போட்ட வேலியில் சிக்கிக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் உண்மையான பழங்குடிகளாக இருக்கிறார்கள். போலிச் சான்றிதழ் வாங்கத் தெரிந்தவனுக்கு எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்றும் தெரிந்திருக்கும். சூளையில் கல் அறுக்கும் உங்கள் மாணவியின் தந்தைக்கு அது தெரியாது.

பாம்பு பிடித்துக் காட்டச் சொல்வதற்கு எந்த அரசாணையும் இல்லை. அதைக் கேட்டவரிடம் மறுபடியும் போய் நிற்க வேண்டாம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். உங்கள் வட்டத்தில் ஜமாபந்தி (ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்த் தீர்வாயம்) இன்னும் முடியவில்லை என்றால் அங்கும் கொடுக்கலாம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணின் தந்தை வழியிலும் தாய் வழியிலும் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள் என்று எந்த ஊரில் யாரிடம் சான்றிதழ் இருக்கிறது என்று விசாரியுங்கள். இரத்த உறவினர் ஒருவரின் மெய்யான சான்றிதழ் கையில் இருந்தால் விசாரணையின் போக்கே மாறிவிடும். எங்கள் தந்தையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் 1968-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பால் உறையில் சுற்றிக் கூரைக் கழியில் செருகி வைத்திருந்ததைப் பாட்டி எடுத்துக் கொடுத்தபோது ஓரங்களை எலி அரித்திருந்தது. 'காட்டுநாயக்கன்' என்ற சொல் மட்டும் தப்பியிருந்தது. அந்தத் தாள் இல்லையென்றால் நான் இந்த வேலையில் இல்லை. வேலையில் சேர்ந்த பிறகும் மெய்த்தன்மை ஆய்வு என்று ஆறு ஆண்டுகள் விசாரணை நடந்தது. ஆகவே ஒவ்வொரு தாளையும் நான்கு நகல் எடுத்து வேறு வேறு இடங்களில் வையுங்கள்.

ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்று அந்தத் தந்தை கேட்டால் அவருக்கு இப்படிச் சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர்; மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. 1990-ல்தான் பழங்குடியினருக்கென்று 1 விழுக்காடு தனியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன் ஆதிதிராவிடர்களோடு சேர்த்து 18 விழுக்காடாக இருந்தபோது எங்களுக்கு அநேகமாக ஒன்றும் வந்து சேரவில்லை. ஒன்றிய அரசின் வேலைகளிலும் கல்வி நிறுவனங்களிலும் 7.5 விழுக்காடு இருக்கிறது. மாநிலத்தில் நூறு இடத்துக்கு ஒன்று என்றால், அங்கே நூற்றுக்கு ஏழரை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கையில் சான்றிதழும் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ரயில்வே, அஞ்சல் துறை, வங்கி என்று பல வாசல்கள் உள்ளன. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் மாநிலத் தேர்வுகளை மட்டுமே பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

சாமைக்காடு (ஜவ்வாது மலை), 10 ஜூன் 2025

நான் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. தமிழ்நாட்டில் இத்தகைய பள்ளிகள் முந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, ஏற்காடு, நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில்தான். சமவெளியில் சிதறி வாழும் இருளர் பிள்ளைகளுக்கு இவை எட்டாத தூரத்தில் இருப்பது உண்மையான குறை. உங்கள் பகுதியிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியும் இருக்கிறது. அதில் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். ஒரு பள்ளிக்கு 480 பேர், அதில் பாதி பெண்கள். உங்கள் மாலை வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தேர்வுக்கு இப்போதிருந்தே பழக்குங்கள். எட்டாம் வகுப்புக்கு வருபவர்களை வருவாய் வழித் திறன் தேர்வு எழுத வையுங்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும்.

உங்கள் மாணவியை விடுதியில் சேர்ப்பதாக இருந்தால், என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும். தனியாக அனுப்பாதீர்கள். பக்கத்துக் குடியிருப்புகளில் அவள் வயதில் இன்னொரு பெண் இருந்தால் இருவரையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் பள்ளியில் முதல் ஆறு வாரம்தான் பிள்ளைகள் ஓடிப்போகும் காலம். பகலில் சிரித்துக்கொண்டிருக்கும் பெண் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் அழுவாள். ஞாயிற்றுக்கிழமை மாலை காப்பாளரின் கைப்பேசியில் தாயோடு பேச வரிசையில் நிற்பாள். தாயின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும். அந்த வாரம் முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. சூளையில் இருக்கும் தாய்க்கு அழைப்புக் கிடைக்காதபோது பேசுவதற்கு உங்கள் எண்ணையும் கொடுத்து வையுங்கள். ஒரு மாதம் தவறாமல் பேசினாலே போதும், பிள்ளை நிலைத்துவிடும்.

அடுத்தது பொங்கல் விடுமுறை. எங்கள் மலையில் புளி உலுக்கும் காலத்தில் வருகைப்பதிவு சரிந்து, கோடை முடிந்தும் சிலர் திரும்புவதில்லை. உங்கள் பக்கம் பொங்கல் கழிந்ததும் சூளைக்கு ஆள் பிடிக்க வருவார்கள். முன்பணம் வாங்கிய தந்தை, 'இன்னும் ஒரு கை இருந்தால் சீக்கிரம் கடன் அடையும்' என்று நினைப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடன் அப்படிப்பட்டது. ஆனால் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளன்று காலையில் யாராவது ஒருவர் அந்த வீட்டு வாசலில் போய் நின்று அவளைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து விட வேண்டும். எந்தத் திட்டத்திலும் இதற்கு ஆள் ஒதுக்கப்படவில்லை. எங்கள் பள்ளியில் நாங்கள் இரண்டு ஆசிரியைகள் எங்கள் கைக்காசில் இதைச் செய்கிறோம்.

உணவுப்படி 2023-ல் பள்ளி மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும் கல்லூரி மாணவர்களுக்கு 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும் உயர்த்தப்பட்ட பிறகு சாப்பாடு முன்பைவிட நன்றாக இருக்கிறது. கழிப்பறையும் தண்ணீரும் எப்படி இருக்கின்றன என்பதை மட்டும் நேரில் போய்ப் பார்த்த பிறகே சேருங்கள். பெண் பிள்ளைகள் விடுதியை விட்டுப் போவதற்குச் சொல்லும் காரணம் வேறாக இருந்தாலும் உண்மைக் காரணம் பல சமயம் அதுதான்.

மேல்நிலைப் படிப்பு அவளுக்கு வேண்டாம் என்று முடிவானால் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஜமுனாமரத்தூர், கருமந்துறை, கொல்லிமலை, ஆனைகட்டி போன்ற இடங்களில் பழங்குடியினருக்கென்றே அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. ஆனால் 389 மதிப்பெண் எடுத்தவளை அவசரமாகத் தொழிற்பயிற்சிக்குத் திருப்ப வேண்டாம் என்பது என் கருத்து. மலைப்பள்ளிகளில் படித்த பிள்ளைகள் 2024-லும் 2025-லும் என்.ஐ.டி.க்கும் ஐ.ஐ.டி.க்கும் போயிருக்கிறார்கள் என்ற செய்தியை அவளிடம் காட்டுங்கள்.

பந்தலூர் நண்பர், 11 ஜூன் 2025

மேலே எழுதியவர்கள் மீது மதிப்பு உண்டு. ஆயினும், உறைவிடப் பள்ளிதான் பழங்குடிக் கல்விக்கு வழி என்ற எண்ணம் இந்த உரையாடலில் கேள்வியின்றி நிற்பதை என்னால் கடந்து போக முடியவில்லை.

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பகுதியில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது அவரவர் மொழி. ஒன்றாம் வகுப்பில் நுழைந்த பணியப் பிள்ளைக்கு ஆசிரியர் பேசும் தமிழ் பாதி புரியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்கும் பிள்ளையை 'மந்தம்' என்று எழுதிவிடுகிறார்கள். அதே பிள்ளை ஓடைக்கரைக்குப் போனால் இருபது கீரைக்குப் பெயர் சொல்லும். 1980-களின் நடுவில் கூடலூரில் ஆதிவாசிகளிடையே பணியாற்றும் அக்கார்டு அமைப்பு தொடங்கி, அதன் தொடர்ச்சியாக வித்யோதயா பள்ளி ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளியாக மாறியபோது, அங்கே ஆதிவாசி இளைஞர்களே ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பிள்ளையின் மொழியிலேயே பேசித் தொடங்கினார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே ஆள் போகும். பிள்ளை வீட்டிலேயே தூங்கி எழுந்து பள்ளிக்குப் போவதும் முடியும் என்று அது காட்டியது.

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வளர்த்ததற்காக 2008 ஜூனில் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நம் உண்டு உறைவிடப் பள்ளிகள் அப்படிப்பட்டவை அல்ல. பெற்றோர் விரும்பி அனுப்புகிறார்கள், விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை வீட்டிலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்தால் என்ன இழப்பு நேரும் என்பதை அங்கிருந்து நாமும் கற்றுக்கொள்ளலாம்.

பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு விடுதி சரி. அவள் தானே விரும்பினால் தாராளமாகப் போகட்டும். தம்பியை மட்டும் தொலைதூர விடுதிக்கு அனுப்ப வேண்டாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் நான்காம் பிரிவின்படி, இடைநின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆண்டின் நடுவில் வந்தாலும் தலைமையாசிரியர் மறுக்க முடியாது. ஊரிலிருந்து பள்ளி தொலைவில் இருந்தால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வாகனமும் கூட வர ஒரு பாதுகாவலரும் கேட்கலாம். எங்கள் பகுதியில் ஜீப் வரும். அது வந்த நாளிலிருந்து வருகை கண்ணுக்குத் தெரிந்து கூடியது. அவன் சூளையில் வேலை செய்கிறான் என்றால் அது சட்டப்படியே குற்றம். 14 வயதுக்குட்பட்டவர்களை இத்தகைய தொழிலில் அமர்த்துவது 2016 திருத்தத்தின்படி முழுமையாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். அதற்கு முன் பெற்றோரிடம் பேசிவிடுங்கள், முன்பணத்தால் அவர்களுக்கு மிரட்டல் வரக்கூடும். முன்பணத்துக்காக ஆளைப் பிடித்து வைத்திருப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும். திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தினர் இந்த வழக்குகளிலும் சாதிச் சான்றிதழ்ப் போராட்டங்களிலும் பல ஆண்டுகளாக நிற்பவர்கள், அவர்களை அணுகுங்கள்.

ஓய்வூதியர், வேலூர், 11 ஜூன் 2025

பந்தலூர் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தொடக்கப்பள்ளி வயதில் பிள்ளை வீட்டில் இருப்பதே நல்லது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஆறு மாதம் வீடே சூளைக்கு இடம்பெயரும்போது 'வீட்டில் இருக்கட்டும்' என்பதற்குப் பொருள் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பாட்டியோ அத்தையோ ஊரில் தங்கினால் பையனை அவர்களிடம் விடலாம். இல்லையென்றால் புலம்பெயர்வுக் காலத்துக்கு மட்டும் பருவகால விடுதி நடத்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடம் இருக்கிறது; வட்டார வள மையத்தில் எழுதிக் கேளுங்கள். ஒருவருக்காகக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். பக்கத்துக் குடியிருப்புகளையும் சேர்த்து, இடம்பெயரும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு கொடுங்கள்.

விட்டுப்போன ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பர் 15 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய 'ஜன்மன்' திட்டம் இந்த மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கென்றே வந்தது. இருளர் அதில் வருவதால், ஆதாரும் சாதிச் சான்றிதழும் வழங்கும் முகாமை உங்கள் குடியிருப்பில் நடத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தந்தை அலுவலகத்துக்கு வர மறுக்கும் நிலையில், அலுவலகம் அவர் இருக்கும் இடத்துக்கு வருவதுதான் முறை.

மாலைவகுப்பு (செஞ்சி வட்டம்), 13 ஜூலை 2025

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு மாதத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

மாணவி அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பில், உயிரியல் பிரிவில் சேர்ந்துவிட்டாள். சாமைக்காடு அம்மா சொன்னபடி பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இன்னொரு பெண்ணையும் தேடிப் பிடித்து இருவரையும் ஒன்றாக விடுதியில் சேர்த்தோம். அரசு விடுதிகளுக்குச் சமூக நீதி விடுதி என்று பெயர் மாற்றும் அறிவிப்பு சென்ற வாரம் வந்தபோது, சாதியைக் குறிக்கும் சொல் பெயரில் இருக்காது என்று கேள்விப்பட்டு இருவரும் மகிழ்ந்ததாகக் காப்பாளர் சொன்னார். நான்காவது வாரம் முடிந்திருக்கிறது. மூன்று முறை அழுதுகொண்டே அழைத்தாள். மூன்று முறையும் மறுநாள் வகுப்புக்குப் போயிருக்கிறாள்.

கூடல்நகர் ஐயா சொன்னபடி உறவினர்களைத் தேடியதில், மேல்மலையனூர் பக்கம் உள்ள பெரியப்பா மகனிடம் இருளர் என்ற சான்றிதழ் இருப்பது தெரியவந்தது. தாளை நகலெடுக்கத் தரவே அவருக்குப் பயம். திருப்பித் தர மாட்டார்களோ என்று என்னோடு நகலகம் வரை வந்து, இயந்திரத்தின் அருகிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார். அதை இணைத்து இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். ஆட்சியர் அலுவலகத்தில் மனுவும் கொடுத்தோம். வருவாய் ஆய்வாளர் குடியிருப்புக்கே வந்து, பாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசி எழுதிக்கொண்டு போயிருக்கிறார். மரியாதையாகப் பேசினார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அதைப் பார்த்த பிறகு தந்தையும் விசாரணைக்கு வர ஒப்புக்கொண்டார்.

தம்பியின் கதை இன்னும் சரியாகவில்லை. மழை தொடங்கிச் சூளை வேலை நின்றதும் பெற்றோரோடு ஊருக்கு வந்தான். எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் போனான், மூன்றாம் நாள் மாமாவோடு சவுக்கு வெட்டப் போய்விட்டான். சிறப்புப் பயிற்சிக்கு ஆசிரியர் இன்னும் வரவில்லை. சிறிய பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்கிறான். என் மாலை வகுப்புக்கு மட்டும் வருகிறான். கணக்கு நன்றாகவே போடுகிறான். பருவகால விடுதிக்கான பட்டியலில் ஐந்து குடியிருப்புகளிலிருந்து இதுவரை 23 பெயர்கள் எழுதியிருக்கிறோம்.

வங்கிக் கணக்கில் ஓய்வூதியர் ஐயா எச்சரித்த சிக்கலே வந்தது. ஆதாரில் தந்தையின் பெயர் ஒரு விதமாகவும் எமிஸ் பதிவில் வேறு விதமாகவும் இருக்கிறது, திருத்தக் கொடுத்திருக்கிறோம்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் வரும் வியாழக்கிழமை விசாரணை. அதற்கு முன் வருவாய் ஆய்வாளரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்க முடியுமா என்பதும், பாட்டியையும் உடன் அழைத்துப் போவது நல்லதா என்பதும் தெரிந்தவர்கள் புதன்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.